போர்க் சாப்புக்குச் சர்க்கரை கடைசியில்தான்

கிளேஸ், அதாவது பளபளப்பான இனிப்புப் பாகு பூசிய போர்க் சாப் (பன்றி முதுகுக்கறி வில்லை) அமெரிக்க, கனடிய வீடுகளில் செவ்வாய், புதன் இரவுச் சாப்பாடு. வேலை முடிந்து வந்து, ஒரே வாணலியில், அரை மணி நேரத்துக்குள் ஆகிவிட வேண்டும். சாமான்களும் அதிகமில்லை. இவ்வளவு சுலபமான பண்டம் இத்தனை வீடுகளில் செருப்புத் தோலாக மேசைக்கு வருகிறதே, ஏன் என்று பார்த்தால், ஏறக்குறைய எல்லாத் தவறும் வரிசையில்தான் நடக்கிறது. இறைச்சியின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும். மேற்புறம் நன்றாகச் சிவக்க 150 டிகிரியாவது வேண்டும். கிளேஸிலுள்ள சர்க்கரையோ 170ஐத் தாண்டிவிட்டால் கருகிக் கசக்கும். மூன்றையும் ஒரே நேரத்தில் ஒரே சட்டியில் நடத்தப் பார்த்தால் ஒன்று இல்லாவிட்டால் ஒன்று கெடும். முதலில் சிவக்க வைத்து, எடுத்து வைத்து, சட்டியில் பாகைச் சுண்டவிட்டு, கடைசி இரண்டு நிமிடம் மட்டும் இரண்டையும் சேர்த்தால் வேலை முடிந்தது. மீதியெல்லாம் இந்த வரிசைக்கான விளக்கம்தான்.

எந்தத் துண்டு

சாப் என்று அட்டையில் எழுதியிருப்பதெல்லாம் ஒரே இறைச்சி இல்லை. பன்றியின் முதுகெலும்பை ஒட்டி, தோள்பட்டைக்குப் பின்னாலிருந்து இடுப்பு வரை ஓடும் பகுதிதான் லாயின். அதைக் குறுக்கே வில்லை வில்லையாக வெட்டினால் சாப். தோள் பக்கம் வருவது பிளேட் சாப். கொழுப்பும் சவ்வும் அதிகம், நிறம் அழுத்தம், ருசியும் கூடுதல். ஆனால் பத்து நிமிடச் சமையலுக்கு அது அடங்காது. அடுத்தது விலா எலும்போடு வரும் ரிப் சாப். அதற்கடுத்து நடு லாயின் சாப். டி வடிவ எலும்பின் ஒரு பக்கம் லாயினும் மறுபக்கம் சின்னதாக டெண்டர்லாயின் என்ற மென்தசையும் இருக்கும். டெண்டர்லாயின் பக்கம் முந்திக்கொண்டு வெந்துவிடும் என்பதுதான் அதிலுள்ள தொல்லை. இடுப்புப் பக்கத்துச் சர்லாயின் சாப் மலிவு. பல தசைகள் வெவ்வேறு திசையில் ஓடுவதால் ஒரு வாய் மெத்தென்றும் அடுத்த வாய் நாராகவும் இருக்கும்.

2013இல் அமெரிக்கப் பன்றி இறைச்சித் துறை இவற்றுக்கு மாட்டிறைச்சித் துண்டுகளின் பெயர்களைச் சூட்டியது. ரிப் சாப் ரிப்ஐ சாப் ஆனது, நடு லாயின் சாப் போர்ட்டர்ஹவுஸ் சாப் ஆனது, எலும்பில்லாத டாப் லாயின் நியூயார்க் சாப் ஆனது. இப்போது கடைக்குக் கடை இரண்டு பெயர்களும் கலந்து கிடக்கின்றன. பெயரை விட்டுவிட்டுத் துண்டைப் பாருங்கள்.

வேலைநாள் கிளேஸுக்கு என் கட்சி எலும்பில்லாத நடுத்துண்டு. எலும்போடு இருந்தால் ருசி என்பார்கள். பத்து நிமிடத்தில் எலும்பிலிருந்து ருசி இறங்கிவிடாது. எலும்பை ஒட்டிய கறி மெதுவாக வேகும், அங்கே கடித்து இழுக்கக் கொஞ்சம் கொழுப்பு இருக்கும், அவ்வளவுதான். எலும்பில்லாத துண்டு சட்டியில் சமமாகப் படுக்கும். சமமாகப் படுத்தால்தான் சமமாகச் சிவக்கும்.

பெயரைவிட முக்கியம் தடிமன். 2 முதல் 2.5 செ.மீ. இருக்க வேண்டும், அதாவது முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் வரை. சூப்பர்மார்க்கெட்டில் 'தின் கட்' என்று ஆறு ஏழு துண்டுகளாக அடுக்கி விற்பது 1 செ.மீ.தான் இருக்கும். வெளியே சிவக்க மூன்று நிமிடம் ஆகும்போது அது உள்ளே முழுதாக வெந்து முடிந்திருக்கும். எவ்வளவு கைப்பக்குவம் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மெல்லியதுதான் கிடைத்தது என்றால் ஒரு பக்கம் மட்டும் சிவக்க விட்டு, மறுபக்கம் 30 வினாடி காட்டி எடுத்துவிடுங்கள். சிவந்த பக்கம் மேலே தெரியும்படி பரிமாறினால் போதும். 4 செ.மீ. தடித்த துண்டு வேறு விவகாரம். அதற்கு ஓவன் தேவைப்படும். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறமும் பார்க்க வேண்டும். நல்ல லாயின் இளஞ்சிவப்பாக, தொட்டால் இறுக்கமாக இருக்கும். வெளுத்து, தளர்ந்து, தட்டின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அது வெட்டும் நேரத்தில் பன்றி பட்ட பதற்றத்தாலோ, பின்னர் உடல் சரியாகக் குளிராததாலோ தசையில் அமிலம் வேகமாக ஏறிய இறைச்சி. தண்ணீரைப் பிடித்து வைக்கும் சக்தி அதற்குக் குறைவு. எப்படிச் சமைத்தாலும் வறண்டுதான் போகும். கொழுப்பு வெள்ளை இழைகளாகத் தசைக்குள்ளேயே ஓடியிருந்தால் யோசிக்காமல் எடுங்கள். பெர்க்‌ஷயர், டியூராக் இனப் பன்றிகளில் அது அதிகம் தெரியும், விலையும் அப்படியே.

அட்டையில் பொடி எழுத்தையும் படியுங்கள். '12% வரை கரைசல் சேர்க்கப்பட்டது' என்பது போன்ற வரி அமெரிக்கக் கடைகளில் சகஜம். உப்பு, சோடியம் பாஸ்பேட் கலந்த தண்ணீரை ஊசியால் ஏற்றியிருப்பார்கள். அது வறண்டு போகாது என்பது உண்மை. ஆனால் கடிக்கும்போது ரப்பர் போல ஒரு துள்ளல் இருக்கும், சட்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும், எடைக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு ஆவியாகப் போகும். வேறு வழியில்லாமல் அதைத்தான் வாங்கினீர்கள் என்றால் மேற்கொண்டு உப்புப் போடாதீர்கள். கிளேஸில் சோயா சாஸும் சேரும்போது வாயில் வைக்க முடியாது.

63 டிகிரி

நம் பக்கத்தில் பன்றிக்கறி என்றால் தோலும் கொழுப்பும் சேர்ந்த துண்டுகள், இஞ்சி பூண்டு மிளகோடு நெடுநேரம் வேகும் குழம்பு அல்லது வறுவல். அந்தத் துண்டுகளில் இணைப்புத் திசு நிறைய உண்டு. ஒரு மணி நேரம் கொதித்தால் அது கரைந்து ஜெலட்டினாகி, கறி பஞ்சாகிவிடும். லாயினில் கரைவதற்கு அப்படி அதிகம் கிடையாது. போதாததற்கு, இன்றைய பன்றி மெலிந்த பன்றி. 1987இல் அமெரிக்காவில் 'இன்னொரு வெள்ளை இறைச்சி' என்று விளம்பரம் செய்து, கோழி நெஞ்சுக்கறியோடு போட்டிக்கு நிறுத்தினார்கள். பண்ணைகளும் கொழுப்புக் குறைந்த பன்றிகளையே வளர்த்தன. ஆக, 'இன்னும் பத்து நிமிடம் கிடக்கட்டும், மெத்தென்று ஆகிவிடும்' என்ற குழம்புக் கணக்கு இங்கே தலைகீழாகிவிடும். கூடுதலாகக் கிடக்கிற ஒவ்வொரு நிமிடமும் இறுக்கமே கூடும்.

காரணம் புரதத்தில் இருக்கிறது. 50 டிகிரியை ஒட்டித் தசையின் ஒரு வகைப் புரதம் உறையத் தொடங்கும். கறி பச்சையான வழுவழுப்பை விட்டு, கடிக்கத் தக்கதாகும். 66 டிகிரிக்கு மேல் அடுத்த வகை சுருங்கும். அது சுருங்கும்போது உள்ளேயிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். 71க்குப் போனால் சாறு தட்டில் இருக்கும், கறியில் இருக்காது.

அந்த 71தான் நெடுங்காலம் அமெரிக்க அரசின் விதியாக இருந்தது. 2011 மே மாதம் அமெரிக்க வேளாண் துறை முழுத்துண்டு பன்றி இறைச்சிக்கு 63 டிகிரி, அதாவது 145 பாரன்ஹீட், அதன்பின் 3 நிமிடம் ஆறவிட வேண்டும் என்று மாற்றியது. கொத்துக்கறிக்கு 71 அப்படியே நிற்கிறது. பழைய பயமெல்லாம் டிரைக்கினெல்லா என்ற புழுவைப் பற்றியது. அது 58 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே செத்துவிடும். எச்சில் கழிவுகளை வேகவைக்காமல் பன்றிக்குப் போடுவதை 1980ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பிறகு, அமெரிக்கப் பண்ணை இறைச்சியில் அது அபூர்வமாகிவிட்டது. இன்று அங்கே வரும் சொற்ப நோயாளிகளில் பெரும்பாலோர் கரடி போன்ற காட்டு விலங்கின் கறியைச் சரியாக வேகாமல் தின்றவர்கள். ஆகவே வெட்டிய இடத்தில் நடுவில் லேசாக ரோஜா நிறம் தெரிந்தால் பதற வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பிரிட்டன் உணவுத் தரத் துறையின் பொதுவான அளவு 70 டிகிரியில் 2 நிமிடம், அல்லது 65 டிகிரியில் 10 நிமிடம். லண்டனில் சமைப்பவர்கள் அதைத் தெரிந்து முடிவு செய்துகொள்ளட்டும். இன்னொன்று, 63 என்பது பரிசோதனைக்கு உட்பட்ட பண்ணை இறைச்சிக்கான எண். எங்கே வளர்ந்தது, என்ன தின்றது என்று தெரியாத பன்றியின் கறிக்கு அது பொருந்தாது. இந்தியாவில் திறந்த வெளியில் மேய்ந்த பன்றிகளில் நாடாப்புழுக் கூடுகள் இருக்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட கறியைச் சாப்பாக வெட்டாமல், முழுக்க வேகவைக்கும் குழம்புக்கே கொடுத்துவிடுவது உத்தமம். கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வீட்டில் இருந்தாலும் அப்படியே.

பிரிட்டனைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கொசுறு: அங்கே ஆண் பன்றிகளைப் பெரும்பாலும் காயடிப்பதில்லை, இளம் வயதிலேயே வெட்டிவிடுகிறார்கள். அதனால் எப்போதாவது ஒரு துண்டு சூடானதும் மூத்திர வாடை கிளம்பும். எல்லார் மூக்கிலும் அது படாது. கெட்டுப்போன கறி என்று அர்த்தமில்லை.

உப்பும் ஈரமும்

நான்கு சாப், மொத்தம் 750 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தலை தட்டி 1 தேக்கரண்டி தூளுப்பு, ஏறக்குறைய 6 கிராம், இரண்டு பக்கமும் தூவ வேண்டும். சாதாரணமாக எடையில் 1 சதவீதம் என்பார்கள். சோயா சாஸ் வரப்போவதால் கொஞ்சம் குறைத்திருக்கிறது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் தூவி, கம்பித் தட்டின் மேல் வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜில் விட்டுவிட்டால் அதைவிடச் சிறப்பு ஒன்றுமில்லை. உப்பு முதலில் தண்ணீரை வெளியே இழுக்கும், அந்தத் தண்ணீரில் கரையும், பிறகு மெதுவாக உள்ளே திரும்பும். இதற்கு 40 நிமிடமாவது ஆகும். நேரமில்லையா, சட்டியில் போடுமுன் அப்போதே தூவுங்கள். உப்புப் போட்டுப் பத்து, பதினைந்து நிமிடத்தில் அடுப்பில் வைப்பதுதான் மிக மோசம். இழுத்த தண்ணீரெல்லாம் மேலேயே நிற்கும் நேரம் அது.

ஒரு லிட்டருக்கு 50 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரில் அரை மணி ஊறவைக்கும் முறையும் உண்டு. சாறு நிற்கும். மேற்புறம் நனைந்துபோய் சிவக்கத் தாமதமாகும் என்பதால் கிளேஸுக்கு எனக்கு அது ஒத்துவருவதில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி வெளியே வைக்க வேண்டும் என்று பல குறிப்புகள் சொல்லும். அந்த நேரத்தில் நடுச்சூடு பெரிதாக ஏறிவிடாது, தவிர்த்துவிடலாம்.

துண்டின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கொழுப்புப் பட்டை, அதற்கும் கறிக்கும் நடுவே மெல்லிய சவ்வு. சூடு பட்டதும் கறியைவிட இந்தச் சவ்வு வேகமாகச் சுருங்கும். துண்டு கிண்ணம் போல மேலே எழும்பி, நடுப்பகுதி சட்டியைத் தொடாமல் வெளுத்துக் கிடக்கும். கத்தரிக்கோலாலோ கத்தியாலோ அந்தப் பட்டையில் 3 செ.மீ.க்கு ஒரு வெட்டு, சவ்வு அறும் ஆழத்துக்குப் போடுங்கள். ஒரு துண்டுக்கு மூன்று வெட்டுப் போதும். கறிக்குள் ஆழமாக இறங்க வேண்டாம்.

பிறகு பேப்பர் துண்டால் ஒற்றி எடுங்கள், அழுத்தி, இரண்டு முறை. மேலே ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவப்பது எல்லாம் அதன் பிறகுதான். ஈரத்தைப் பேப்பரால் எடுக்காவிட்டால் அடுப்புத்தான் எடுக்க வேண்டும், அந்த நேரத்தில் உள்ளே வெந்துகொண்டே போகும். ஒற்றிய பிறகு மிளகுத்தூளும், விருப்பமிருந்தால் அரைத் தேக்கரண்டி சோளமாவும் தூசி போலத் தடவலாம். மாவு தடவிய மேற்புறத்தில் பாகு வழுக்காமல் பிடிக்கும்.

பாகு

கிளேஸுக்கு: நாட்டுச் சர்க்கரை அல்லது பிரவுன் சுகர் 3 மேசைக்கரண்டி, ஆப்பிள் சிடர் வினிகர் 3 மேசைக்கரண்டி, டிஜான் கடுகு விழுது 1 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, தண்ணீர் அல்லது ஆப்பிள் ஜூஸ் கால் கப், மிளகாய்ச் செதில் கால் தேக்கரண்டி. எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் முன்கூட்டியே கலக்கி வைத்துவிடுங்கள். பூண்டு இரண்டு பல்லைப் பொடியாக நறுக்கித் தனியாக வையுங்கள். வெண்ணெய் 1 மேசைக்கரண்டி, அதுவும் தனியாக, குளிர்ந்தபடியே. அடுப்பு பற்றியபின் அளந்துகொண்டிருக்க நேரம் இருக்காது.

இதில் ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டு. சர்க்கரை பளபளப்பும் பிசுக்கும் தரும். வினிகர் இல்லாவிட்டால் மூன்றாவது வாயில் திகட்டிவிடும். சுண்டும்போது வினிகரின் காரம் பறந்து, புளிப்பில் பாதிதான் மிஞ்சும் என்பதால் தொடக்கத்தில் அதிகமாகத் தோன்றும் அளவே சரி. கடுகு விழுது எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைக்கும். சோயா உப்போடு நிறமும் கொடுக்கும். இந்த அளவில் உப்பு மேற்கொண்டு தேவையில்லை.

சர்க்கரைக்குப் பதில் மேப்பிள் சிரப் போட்டால் வெர்மான்ட், கியூபெக் பக்கத்து ருசி வந்துவிடும். ஏற்கெனவே தண்ணீராக இருப்பதால் ஜூஸைப் பாதியாகக் குறையுங்கள். தேன் போடலாம், ஆனால் அதிலிருக்கும் பழச்சர்க்கரை மற்ற சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே கருகும். தீயைச் சற்று அடக்கி வைக்க வேண்டும். வெல்லம் நன்றாகவே ஒத்துப்போகும். தண்ணீரில் கரைத்து வடிகட்டிவிட்டுச் சேருங்கள், மண் கடிபடக் கூடாது. வெல்லம் போடுகிறவர்கள் வினிகரில் பாதியைப் புளிக்கரைசலாக மாற்றிப் பார்க்கலாம், கடுகு விழுதை மட்டும் விட்டுவிட வேண்டாம். ஆரஞ்சு மார்மலேடு, ஆப்ரிகாட் ஜாம் இரண்டிலும் பெக்டின் என்ற பழப்பசை இருப்பதால் சீக்கிரம் கெட்டியாகும். பாட்டில் பார்பிக்யூ சாஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு: அதில் சர்க்கரையும் மாவும் ஏற்கெனவே கெட்டியாகவே இருக்கின்றன, சுண்டவைக்க ஒன்றுமில்லை, அடிப்பிடிக்க மட்டும் நிறைய இருக்கிறது.

அடுப்பில்

30 செ.மீ. அகல வாணலி வேண்டும். நான்கு துண்டுகளுக்கு நடுவே விரல் அகலம் இடைவெளி இருக்க வேண்டும். நெருக்கினால் ஆவி போக வழியில்லாமல் கறி வெந்து சாம்பல் நிறமாகும். எவர்சில்வர் அல்லது நன்றாகப் பழகிய வார்ப்பிரும்பு உசிதம். நான்கைந்து நிமிட வினிகரால் இரும்புக்கு ஒன்றும் ஆகாது. நான்ஸ்டிக்கில் அடியில் ஒட்டும் பழுப்புப் படிவு வராது, பாகின் பாதி ருசி அதில்தான். தோசைக்கல்லில் சிவக்க வைக்கலாமே என்றால், வைக்கலாம். பாகு ஊற்றியதும் விளிம்பில்லாமல் அடுப்பில் வழியும்.

1 மேசைக்கரண்டி கனோலா அல்லது கடலை எண்ணெய். வெண்ணெயை இப்போது போடக் கூடாது, அதிலுள்ள பால் திடப்பொருள் கருகிவிடும். நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீ. எண்ணெய் நெளிந்து ஓடி, புகை கிளம்பலாமா என்று யோசிக்கும் நேரத்தில் துண்டுகளை வையுங்கள். சத்தம் உடனே பெரிதாக எழ வேண்டும். எழவில்லை என்றால் எடுத்து, சட்டியைக் காயவிட்டு மறுபடி வையுங்கள்.

வைத்த பிறகு 3 முதல் 4 நிமிடம் தொடாதீர்கள். தூக்கிப் பார்க்க இடுக்கியைப் போடும்போது ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் ஆகவில்லை. சிவந்துவிட்டால் தானாக விடும். திருப்பிப் போட்டு 2 நிமிடம். கொழுப்புப் பட்டை தடியாக இருந்தால் இடுக்கியால் துண்டுகளைச் செங்குத்தாக நிறுத்தி, பட்டை சட்டியில் படும்படி அரை நிமிடம் பிடியுங்கள். வெளுத்த கொழுப்பை யாரும் தின்ன மாட்டார்கள், முறுகியதை விட மாட்டார்கள்.

இப்போது நடுச்சூடு 50, 52 டிகிரி. தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். வேகவில்லையே என்று தோன்றும். தோன்றட்டும், தட்டில் இருக்கும்போதே அது இன்னும் மூன்று நான்கு டிகிரி ஏறும்.

தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்யலாம், ஆனால் குருட்டாம்போக்குத்தான். விரலால் அழுத்தி உள்ளங்கைச் சதையோடு ஒப்பிடும் வித்தை மாட்டு ஸ்டீக்குக்கே நிச்சயமில்லை, போர்க்கில் இன்னும் கஷ்டம். முனை மெல்லிய டிஜிட்டல் தெர்மாமீட்டரை மேலிருந்து குத்தாமல், துண்டின் பக்கவாட்டிலிருந்து நடுமையத்துக்குச் செலுத்துங்கள். 2 செ.மீ. தடிமனில் மேலிருந்து குத்தினால் முனை எளிதில் சட்டியின் சூட்டுப் பக்கம் போய்விடும், எண் பொய் சொல்லும். எலும்பைத் தொட்டாலும் அப்படியே. பனிக்கட்டி நிறைந்த தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டியில் மிஞ்சிய கொழுப்பை ஒரு தேக்கரண்டி அளவு விட்டு மீதியை வடித்துவிடுங்கள். அடியில் ஒட்டிய பழுப்பு பழுப்பாகவே இருந்தால் பொக்கிஷம். கறுத்திருந்தால் துடைத்து எறியுங்கள், பாகு முழுக்கக் கசக்கும். தீயை நடுத்தரமாக்கி, பூண்டைப் போட்டு 20 வினாடி, மணம் வந்ததும் கலக்கி வைத்த கிண்ணத்தை ஊற்றுங்கள். ஊற்றும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், வினிகர் ஆவி கண்ணையும் தொண்டையையும் பிடிக்கும். மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டே இருங்கள்.

இனி மூன்று நிமிடம் சட்டியின் மேல்தான் கண் இருக்க வேண்டும். முதலில் குமிழ்கள் பெரிதாக, தண்ணீர் கொதிப்பது போல எழுந்து உடனே உடையும். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் சிறுத்து நெருங்கும். பிறகு சத்தமே மாறும். சலசலப்பு அடங்கி, கெட்டியான சின்னக் குமிழ்கள் பளபளவென்று மெதுவாக எழுந்து மெதுவாக அமரும். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் ஒரு வினாடி, இரண்டு வினாடி சட்டி தெரிந்து பிறகு மூடிக்கொள்ளும். பலகாரம் செய்பவர்களுக்கு இது தெரிந்த இடம்: குலோப் ஜாமூனுக்கு வைக்கும் பிசுக்குப் பதம். கம்பிப் பதத்துக்குப் போகவே கூடாது. கறியின் மேல் ஆறும்போது அது பல்லில் ஒட்டும் மிட்டாயாகிவிடும். தொடங்கிய அளவில் பாதிக்கும் கீழே, அறுபது எழுபது மில்லி இருக்கும்.

அந்தப் பதத்தில் சாப்களையும், தட்டில் ஊறி நிற்கும் சாறு முழுவதையும் சட்டியில் சேருங்கள். சாறு சேர்ந்ததும் பாகு ஒரு கணம் இளகும், பயப்பட வேண்டாம். அரை நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். பாகு துண்டின் மேல் ஏறி, விளிம்பில் நூலாக வழிந்து, மறுபடி சட்டிக்குப் போகாமல் நிற்கத் தொடங்கும். ஒன்றரை, இரண்டு நிமிடம். நடுச்சூடு 63 வந்ததா என்று குத்திப் பாருங்கள். இல்லையென்றால் சட்டியிலேயே இன்னும் அரை நிமிடம். வந்ததும் கறியை எடுத்துத் தட்டில் வையுங்கள். மூன்று நிமிடம் ஆறட்டும்.

அடுப்பை அணைத்துவிட்டு, குளிர்ந்த வெண்ணெயைச் சட்டியில் போட்டுச் சுழற்றுங்கள். பாகின் கூர்மை தணிந்து சாஸ் போலப் பாயும். சாப்கள் தட்டில் விட்ட சாற்றையும் அதிலேயே சேர்த்து, மேலே ஊற்றுங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள்

பாகு கறியில் நிற்காமல் வழிந்து தட்டில் குளமாகிறது என்றால் சுண்டியது போதவில்லை, அல்லது மேலே எண்ணெய் வடிக்காமல் விட்டிருக்கிறது. கறியை எடுத்துவிட்டு இன்னும் ஒரு நிமிடம் சுண்டவையுங்கள். கறி உள்ளே இருக்கும்போதே சுண்டட்டும் என்று காத்திருப்பதுதான் பெரும்பாலோர் செய்வது, அந்த நிமிடத்தில்தான் 63 எழுபதாகிறது. எதிர்ப்பக்கம், பாகு இறுகிப் பசையாகிவிட்டால் 1 மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுச் சுழற்றினால் இளகிவிடும். கருகிய வாடை வந்துவிட்டால் மட்டும் மருந்தில்லை. எலுமிச்சை பிழிந்து ஒப்பேற்ற நினைக்காதீர்கள். கறி பிழைக்கட்டும், பாகைக் கொட்டிவிட்டு வெண்ணெயும் கடுகு விழுதும் மட்டும் சேர்த்துப் பரிமாறுங்கள்.

சாப்பை முதலிலேயே பாகில் ஊறவைத்துச் சட்டியில் போடும் குறிப்புகள் இணையத்தில் ஏராளம். படத்தில் அழகாக இருக்கும். ஒன்றரை நிமிடத்தில் சர்க்கரை கறுக்கும், உள்ளே பச்சையாக இருக்கும், பிறகு தீயைக் குறைத்து மூடி வைத்து வேகவைப்பார்கள். அது ஆவியில் வெந்த கறி.

சட்டி காயும் வரை காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்கு அமெரிக்கச் சமையலறைகளில் ஒரு மாற்று முறை இருக்கிறது: துண்டுகளை எண்ணெயில்லாமல் குளிர்ந்த நான்ஸ்டிக் சட்டியில் வைத்து, பிறகு அடுப்பைப் பற்றவைப்பது. முதலில் பெரிய தீயில் பக்கத்துக்கு 2 நிமிடம். பிறகு நடுத்தரத் தீயில் 2 நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிக்கொண்டே போவது. அடிக்கடி திருப்புவதால் சூடு இரண்டு பக்கமிருந்தும் மெதுவாக உள்ளே போகும், விளிம்பு முழுக்க வெளுத்த வளையம் விழாது. எண்ணெய் தெறிக்காது. 2.5 செ.மீ.க்கு மேல் தடித்த துண்டுக்கு நான் இதையே சொல்வேன். இதில் 63 டிகிரி வரை கொண்டுபோய்விட்டு, பாகை வேறு சின்னப் பாத்திரத்தில் சுண்டவைத்து மேலே தடவ வேண்டும், சட்டியில் படிவு இருக்காது என்பதால்.

கூட என்ன

அமெரிக்க மேசையில் இதற்குத் துணை மசித்த உருளைக்கிழங்கு, வேகவைத்த பீன்ஸ், ஆப்பிள் சாஸ். பாகு இனிப்பாக இருக்கும்போது ஆப்பிள் சாஸையும் வைப்பது எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிகிறது. முட்டைக்கோஸைப் பெரிய தீயில் உப்பு, மிளகோடு வதக்கி, இறக்கும்போது வினிகர் தெளித்தால் பொருத்தம். வெள்ளைச் சோறும் நன்றாகவே ஏற்கும், மிச்சப் பாகு வீணாகாது. சோற்றையோ உருளைக்கிழங்கையோ முதலில் அடுப்பில் ஏற்றிவிட்டு, அது ஆக இன்னும் கால் மணி இருக்கும்போது சாப்பைத் தொடங்கினால் இரண்டும் ஒன்றாக மேசைக்கு வரும்.

மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நாள் தாங்கும். மைக்ரோவேவில் முழுத்துண்டாகச் சூடாக்கினால் இதுவரை காப்பாற்றிய சாறெல்லாம் போய்விடும். குளிர்ந்தபடியே நாருக்குக் குறுக்கே மெல்லியதாக அரிந்து, ஃபிரைடு ரைஸ் இறக்கும் கடைசி அரை நிமிடத்தில் சேருங்கள். சட்டியில் காய்ந்து பிடித்த பாகைத் தேய்க்க வேண்டாம். அரை கப் தண்ணீர் ஊற்றி ஒரு கொதி விட்டால் தானாகக் கரைந்து வந்துவிடும். வார்ப்பிரும்பாக இருந்தால் கழுவிய கையோடு அடுப்பில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.